நிலக்கரிக்குப் போகுமிடம் தெரியுமா?

சுரங்கத்தை ஒட்டிய நிலையத்தில் 1,800 டன் நிலக்கரி குவிந்து கிடக்கிறது. பிளாட்பாரத்தில் இருபது வேகன்களோடு ஒரு ரயில், 'ஃபுல் லோடு' ஆர்டரில் (நிரம்பினால்தான் கிளம்பும்), நாள்கணக்காக நிற்கிறது. கரியோ சொட்டுச் சொட்டாகத்தான் ஏறுகிறது. பின்னால் இன்னும் நான்கு ரயில்கள் சிவப்பு சிக்னலில் வரிசை கட்டி நிற்கின்றன. எனக்கு இது நடந்தபோது முதலில் சிக்னலைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் தண்டவாளத்தை, கடைசியில் மென்பொருளிலேயே கோளாறு என்று முடிவு கட்டினேன். கோளாறு நான் செய்ததுதான். ஆனால் அது எங்கே ஒளிந்திருந்தது என்று பிடிபட, ஓப்பன் டிடிடி என்ற இந்தப் போக்குவரத்துக் கணினி விளையாட்டு சரக்கை எப்படிக் கணக்கு வைத்திருக்கிறது என்பதை அடியிலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

இதன் தாய் விளையாட்டு டிரான்ஸ்போர்ட் டைக்கூன். ஸ்காட்லாந்துக்காரரான கிறிஸ் சாயர் பெரும்பாலும் அசெம்பிளி மொழியிலேயே எழுதியது. 1994-இல் மைக்ரோபுரோஸ் வெளியிட்டது, அடுத்த ஆண்டே டீலக்ஸ் பதிப்பும் வந்தது. 2004-இல் லுட்விக் ஸ்ட்ரிகியஸ் அதைப் பிரித்து மேய்ந்து, திறமூல நிரலாக மறுபடி எழுதி வெளியிட்டார். மியூடாரண்ட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை உருவாக்கியவரும் அவர்தான். அந்த நிரலைத் தன்னார்வலர்கள் இன்றுவரை வளர்த்து வருகிறார்கள். இருபது வருடத்தில் எவ்வளவோ சேர்ந்துவிட்டது. ஆனாலும் சாயர் போட்ட ஒரு அடித்தளம் அப்படியே இருக்கிறது: சரக்குக்கு முகவரி கிடையாது.

சுரங்கம் மாதாமாதம் கரி உற்பத்தி செய்கிறது. அதில் ஒரு பகுதி பக்கத்து நிலையத்துக்கு வருகிறது. அங்கே வரும் முதல் காலி வண்டியில் ஏறிக்கொள்கிறது. எந்த மின் நிலையத்துக்குப் போகிறோம் என்று அந்தக் கரிக்குத் தெரியாது, கவலையும் இல்லை. நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் நின்றுகொண்டு, எந்த பஸ் வந்தாலும் ஏறுவேன், எங்கே இறக்கிவிட்டாலும் அதுதான் என் ஊர் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான். போகுமிடம் தெரிந்தது வண்டிக்கு மட்டுமே, அதுவும் நாம் எழுதிக் கொடுத்த ஆர்டர் பட்டியல் வழியாக. ஆகவே இங்கே சரக்கை வழிநடத்துவது என்றால் வண்டியை வழிநடத்துவதுதான். இந்த விளையாட்டில் எந்தச் சிக்கல் வந்தாலும், இப்போது முடிவெடுப்பது வண்டியா சரக்கா என்று கேட்டுப் பார்த்தால் பாதி அவிழ்ந்துவிடும்.

வண்டியின் கையில்தான் முடிவு என்றால், அதை எங்கே அனுப்புவது? புதிதாக ஆடுபவர்கள் எல்லோரும் பக்கத்தில் இருக்கும் மின் நிலையத்துக்குத்தான் அனுப்புவார்கள். கூலிக் கணக்கைப் பார்த்தால் அது எவ்வளவு நஷ்டம் என்று தெரியும். கூலி மூன்றை வைத்து வருகிறது: சரக்கின் அளவு, ஏற்றிய நிலையத்துக்கும் இறக்கிய நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம், வண்டிக்குள் கழிந்த நாள்கள். தூரம் என்பது விளையாட்டின் வரைபடத்தில் கிழக்கு மேற்காக எத்தனை கட்டம், வடக்கு தெற்காக எத்தனை கட்டம் என்று எண்ணிக் கூட்டியது. நாம் தண்டவாளத்தை மலையைச் சுற்றிப் போட்டாலும் கூடுதலாக ஒரு காசு வராது.

நாள் கணக்குதான் சுவாரசியம். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பொறுமை உண்டு. நிலக்கரி 17.5 நாள்வரை முழுக் கூலி தரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு இரண்டரை நாளுக்கும் கூலியில் 255-இல் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் ரயில் 100 கட்டத்தைக் கடக்க ஏறக்குறைய 28 நாள் ஆகும். அதற்குள் இழப்பது முழுக் கூலியில் இரண்டு சதவீதம்கூட இல்லை. 200 கட்டம் ஓட்டினால் இழப்பு ஆறு சதவீதம், ஆனால் தூரம் இரட்டிப்பு. கூட்டிக் கழித்தால் அதே கரிக்கு ஏறக்குறைய 1.9 மடங்கு கூலி. கால்நடை அப்படியில்லை. பத்து நாளில் பொறுமை இழக்கத் தொடங்கும், 55 நாளைத் தாண்டினால் கூலி இரண்டு மடங்கு வேகத்தில் சரியும். பயணிகளுக்கு முதல் நாளிலிருந்தே பொறுமை கிடையாது. ஆக, ரயில் மெதுவாக இருக்கிற ஆரம்ப வருடங்களில் கரியைத் தூரமாக ஓட்டுவதும், மாட்டைப் பக்கத்தில் இறக்குவதும்தான் கெட்டிக்காரத்தனம்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கோட்டை விடுகிறார்கள். தூரம் கூடினால் ஒரு டன்னுக்கு வரும் பணம் கூடும். ஒரு ரயிலுக்கு வரும் பணம் அந்த அளவு கூடாது, ஏனென்றால் அது வருடத்துக்கு ஓட்டும் நடை குறைந்துவிடும். எது பஞ்சம் என்று பார்த்துத்தான் தூரத்தை முடிவு செய்ய வேண்டும். கரி குறைவு, ரயில் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் தூரமாக ஓட்டலாம். தண்டவாளம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது என்றால் அதே கரிக்கு இரண்டு மடங்கு ரயில்களை அதில் திணிப்பது தற்கொலை.

எத்தனை ரயில் வேண்டும் என்பதும் கையாலேயே போடக்கூடிய கணக்குதான். சுரங்கம் மாதம் 200 டன் தருகிறது, அதில் 70 சதவீதம் நம் நிலையத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம், 140 டன். பத்து வேகன், 200 டன் கொள்ளும் ரயில் நிரம்ப ஒன்றரை மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாகும். 100 கட்டம் போய் வர இரண்டு மாதம். ஆக ஒரு சுற்று மூன்றரை மாதத்துக்குள். ஒவ்வொரு ஒன்றரை மாதத்துக்கும் ஒரு ரயில் கிளம்ப வேண்டுமென்றால் மூன்று ரயில் போதும். நான்காவது ரயில் வாங்கினால் அது போய்ச் சிக்னலில் நிற்கும். அது நிற்பதுகூடப் பரவாயில்லை. நிற்கிற இடம் ஜங்ஷனுக்குள் என்றால் மற்ற மூன்றும் சேர்ந்து நிற்கும்.

அந்த 70 சதவீதம் எங்கிருந்து வந்தது? நிலையத்துக்கு விளையாட்டு கொடுக்கும் மதிப்பெண் அது. ரயிலின் வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இந்த மதிப்பெண்தான். சுரங்கம் தோண்டுவதில் எவ்வளவு நம் கைக்கு வரும் என்பதை இது நேரடியாகத் தீர்மானிக்கிறது. பல கணக்குகளைக் கூட்டி வருவது இது. கடைசியாக வண்டி வந்து ஏற்றி ஏழரை நாளுக்குள் என்றால் 51 சதவீதம். பதினைந்து நாளைத் தாண்டினால் 20-க்கு இறங்கும், 52 நாளைத் தாண்டினால் பூஜ்யம். குவிந்து கிடக்கும் சரக்கு 60 டன்னுக்குள் இருந்தால் 16 சதவீதம். 1,500 டன்னைத் தாண்டினால் 35 சதவீதம் வெட்டு. வேகமான வண்டிக்கு 17 வரை, புது வண்டிக்கு 13 வரை. ஊர் நடுவில் நம் நிறுவனத்துக்கு ஒரு சிலை வைத்தால் நிரந்தரமாகப் பத்து சதவீதம். (சிலை வைத்தால் சரக்கு ஏன் கூடுகிறது என்று கேட்கக் கூடாது. சிலைகளின் பலன் நமக்குத் தெரியாததா!)

ஃபுல் லோடு ஆர்டரின் உண்மையான வேலை இங்கேதான். ரயிலை நிரப்புவதற்காக மட்டும் அது இல்லை. பிளாட்பாரத்தில் எப்போதும் ஒரு வண்டி ஏற்றிக்கொண்டே இருந்தால், கடைசியாக வண்டி வந்த நாள் என்ற கணக்கு பூஜ்யத்திலேயே நிற்கும். அந்த 51 சதவீதம் கையில் பூட்டப்பட்டுவிடும். சீரான பொருளாதாரம் என்ற அமைப்பில் ஆடினால், மாதம் 60 சதவீதத்துக்கு மேல் எடுத்துச் செல்லப்படும் சுரங்கத்தின் உற்பத்தி கூடுவதற்கான வாய்ப்பு, குறைவதற்கான வாய்ப்பைப் போல இரண்டு மடங்கு. கீழே போனால் அதே விகிதம் தலைகீழ். பத்து வருடம் கழித்து ஒரு சுரங்கம் கொழித்தும் இன்னொன்று மூடியும் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இதற்கும் ஒரு விலை உண்டு. சரக்கின் வயது நிலையத்தில் கிடக்கும்போது ஏறுவதில்லை. வண்டிக்குள் போன பிறகுதான் ஏறும். நிரம்பக் காத்திருக்கும் ரயிலுக்குள் முதலில் ஏறிய மாடு வயதாகிக்கொண்டே இருக்கும். கரிக்கு இது பொருட்டே இல்லை. கால்நடை ரயிலுக்கு ஃபுல் லோடு கொடுத்தால் கூலி தேய்ந்துதான் வரும்.

இப்போது ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாற்றும் கதை. மலைமேல் இருக்கும் பண்ணைக்கு ரயில் போட முடியாது, லாரி விட்டு அடிவார நிலையத்துக்குக் கொண்டுவந்து ரயிலில் மாற்றலாம். அதற்கு 'டிரான்ஸ்பர்' ஆர்டர். எளிமையாகத் தெரியும், ஆனால் முகவரி இல்லாத சரக்கு இங்கேதான் தன் குணத்தைக் காட்டும். நான் முதன்முதலில் இதை அமைத்தபோது லாரிகள் பண்ணையில் மாடு ஏற்றி வந்து அடிவாரத்தில் இறக்கின. இறக்கிய கையோடு அதே மாடுகளை மறுபடி ஏற்றிக்கொண்டு பண்ணைக்கே திரும்பின. காலி வண்டி நிற்கிறது, மாடு நிற்கிறது, ஏறிக்கொண்டது. அதன்மேல் என்ன தப்பு? 'டிரான்ஸ்பர் செய்து காலியாகக் கிளம்பு' என்று ஆர்டர் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொரு குழப்பம் பணம். டிரான்ஸ்பர் செய்யும் லாரிக்குக் காட்டும் வருமானம் வெறும் குறிப்பு. கடைசி வண்டி இறக்கும்போதுதான் உண்மையான பணம் வரும், அதுவும் முதல் நிலையத்திலிருந்து கடைசி நிலையம்வரை உள்ள தூரத்துக்கு. லாரிக்கு ஏற்கெனவே காட்டிய பங்கைக் கழித்துவிட்டு மீதியை ரயிலின் பெயரில் எழுதும். ஆகவே லாரி கொழுத்த லாபத்திலும் ரயில் சிவப்பு எழுத்திலும் தெரியலாம். நிறுவனத்துக்கு மொத்தத்தில் லாபமாகவே இருக்கும். சிவப்பைப் பார்த்துப் பதறி ரயிலை விற்றவர்களை எனக்குத் தெரியும்.

மாற்றும் நிலையத்தில் சரக்குக்கு வயது ஏறாது என்றேன். ஆனால் அங்கேயும் மதிப்பெண் உண்டு. அது ஐம்பது சதவீதத்துக்குக் கீழே போனால் காத்திருக்கும் சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகத் தொடங்கும். இரண்டாம் கட்ட ரயில் தாமதித்தால் லாரிகளின் உழைப்பு பிளாட்பாரத்திலேயே ஆவியாகிறது என்று அர்த்தம். கப்பலுக்கு மட்டும் விளையாட்டு இரக்கம் காட்டுகிறது: மதிப்பெண் போடும்போது அதன் காத்திருப்பு நாள்களை நாலில் ஒரு பங்காகத்தான் எண்ணும்.

கப்பல் என்றதும் நம் ஊர் மின்சாரம் ஞாபகம் வருகிறது. ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களில் ரயிலில் ஏறும் கரி பாரதீப் துறைமுகத்தில் இறங்கி, கப்பலில் ஏறி, எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. எண்ணூரில் 2001-இல் செயல்படத் தொடங்கிய துறைமுகமே இந்தக் கரிக்காகக் கட்டப்பட்டதுதான். அங்கிருந்து வட சென்னை அனல் மின் நிலையத்துக்கு கன்வேயரில் போகிறது. இந்தக் கப்பல்களை ஏற்பாடு செய்வதற்கென்றே தமிழக அரசு 1974-இல் பூம்புகார் கப்பல் கழகத்தைத் தொடங்கியது. ரயில், கப்பல், கன்வேயர்: இரண்டு டிரான்ஸ்பர். பாரதீப்பில் கரி குவிந்தால் தால்சேரில் சரக்கு ரயில் நிற்கும், கப்பல் தாமதித்தால் எண்ணூரில் கையிருப்பு நாள்களை எண்ணுவார்கள். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இது இன்ன மின் நிலையத்தின் கரி என்று அங்கே தால்சேரிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

அந்த வித்தியாசத்தைத் தீர்க்க வந்ததுதான் கார்கோடிஸ்ட். பல வருடம் தனி இணைப்பாக இருந்து, 2014-இல் வந்த 1.4.0 பதிப்பில் விளையாட்டோடு சேர்ந்தது. இதை இயக்கினால் சரக்கு நிலையத்துக்குள் வரும்போதே அதன்மேல் ஒரு முகவரி ஒட்டப்படும். எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்துக்கு வண்டி ஓடுகிறது, எவ்வளவு கொள்ளளவு என்பதையெல்லாம் வைத்து விளையாட்டு ஒரு வலைப்பின்னல் வரைந்துகொள்ளும். அந்த வலையில் எங்கெல்லாம் இந்தச் சரக்கு போய்ச் சேர முடியுமோ அங்கெல்லாம் பங்கு பிரித்து, எந்த வழியாக என்பதையும் எழுதிவிடும். பிறகு சரியான வண்டி வரும்வரை சரக்கு ஏறாது. முடிவெடுப்பது வண்டியிடமிருந்து சரக்கிடம் போய்விட்டது. சிமுட்ரான்ஸ் என்ற இதே வகை விளையாட்டை ஆடியவர்களுக்கு இது புதிதில்லை. அங்கே தொழிற்சாலை வாசலிலேயே ஒவ்வொரு பொதிக்கும் போகுமிடம் உண்டு.

கார்கோடிஸ்டில் மூன்று முறைகள். மேனுவல் என்றால் பழைய கதை. சமச்சீர் என்றால் அ-விலிருந்து ஆ-வுக்கு எவ்வளவு போகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு திரும்ப வர வேண்டும்; வேலைக்குப் போனவர் வீடு திரும்புவார் என்பதால் பயணிகளுக்கும் தபாலுக்கும் இது அச்சாகப் பொருந்தும். சமச்சீரற்றது என்றால் போவது மட்டும், திரும்ப எதுவும் வர வேண்டியதில்லை. சரக்குக்கு ஏதாவது முறை வேண்டுமானால் இதுதான். கரிக்குச் சமச்சீர் கொடுப்பதில் அர்த்தமே இல்லை, மின் நிலையத்திலிருந்து திரும்பி வர அங்கே கரி ஏது?

என் 1,800 டன் கரிக்கு வருவோம். சரக்குக்குச் சமச்சீரற்ற முறையை ஆசையாக இயக்கியிருந்தேன். பழைய காலத்தில் வாங்கிய ஒரே ஒரு மெதுவான ரயில், மற்றவற்றோடு ஆர்டரைப் பகிராமல், வேறொரு மின் நிலையத்துக்குத் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது மறந்தே போயிற்று. கார்கோடிஸ்ட் மறக்கவில்லை. அதன் கண்ணுக்கு இரண்டு மின் நிலையங்கள், இரண்டு வழிகள்; கரியில் பெரும்பங்கை அந்த ஒற்றை ரயிலின் பேரில் எழுதிவிட்டது. அந்த வழியின் கொள்ளளவு போதாதே என்று பார்த்துத் தேவையைக் குறைக்கும் பழக்கம் அதற்கு இல்லை. ஆக, அந்தப் பக்கத்துக் கரி மலையாகக் குவிய, இந்தப் பக்கத்துக்கு எழுதப்பட்ட கொஞ்சம் மட்டும் புது ரயிலில் சொட்டுச் சொட்டாக ஏறியது. 1,500 டன்னைத் தாண்டியதும் மதிப்பெண்ணும் விழுந்தது. நிலையத்தின் ஜன்னலைத் திறந்து, காத்திருக்கும் கரியை 'எது வழியாக' என்று விரித்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் சிக்னலைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டுக்கொண்டிருந்தேன்.

கரி, இரும்புத் தாது, எண்ணெய் போன்ற மொத்தச் சரக்குக்கு மேனுவல்தான் சரி என்பது என் கட்சி. எந்த மின் நிலையத்தில் எரிந்தாலும் கரி கரிதான். முகவரி ஒட்டுவதால் அதற்கு ஒன்றும் கூடுவதில்லை. முகவரி உதவும் இடம் வேறு. ஃபர்ஸ் என்ற கூடுதல் தொழில் தொகுப்பைப் போட்டு ஆடினால், சுரங்கங்களுக்கு எஞ்சினியரிங் சப்ளைஸ், பண்ணைகளுக்கு ஃபார்ம் சப்ளைஸ் கொண்டுபோய்க் கொடுத்தால் அவற்றின் உற்பத்தி கூடும். ஒரே இடத்தில் கிடைக்கும் கொஞ்சம் சரக்கை ஐந்தாறு சுரங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மேனுவலில் ஒரு ரயிலை ஐந்து சுரங்கத்துக்கும் வரிசையாக அனுப்பினால் முதல் சுரங்கத்திலேயே மொத்தத்தையும் இறக்கிவிட்டு, மிச்ச நான்குக்கும் காலியாகப் போய் வரும். கார்கோடிஸ்டில் அவரவர் பங்கு அவரவருக்கு என்று வண்டிக்குள்ளேயே பிரிந்து நிற்கும். இதைப் பார்த்த பிறகுதான் அந்த முறையின்மேல் எனக்கு மரியாதை வந்தது.

வழி சரியாக இருந்தும் சரக்கு நகராவிட்டால் மிச்சம் இருப்பது தண்டவாளம். அதில் பெரும்பாலும் இரண்டு இடங்கள்தான் கழுத்தை நெரிக்கும். ஒன்று, இறக்கும் நிலையத்தின் வாய். ஆறு சுரங்கத்துக் கரியும் ஒரே மின் நிலையத்துக்கு வரும்போது பிளாட்பாரங்கள் போதாது. ரயிலைவிடப் பிளாட்பாரம் குட்டையாக இருந்துவிட்டால் இறக்கும் நேரம் இழுத்துக்கொண்டே போகும். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் நிலையமாகக் கட்டினால் வருகிற ரயிலும் போகிற ரயிலும் ஒன்றையொன்று மறிக்காது. இரண்டு, ஜங்ஷன். பாத் சிக்னல் (ரயில் போகும் பாதையை முன்கூட்டியே ஒதுக்கும் சிக்னல்) வைக்கும்போது நான் கடைப்பிடிக்கும் விதி: ரயில் நின்றால் பரவாயில்லை என்று தோன்றும் இடத்தில் மட்டும் சிக்னல். ஜங்ஷனைத் தாண்டியதும் உடனே ஒரு சிக்னல் நட்டால், ரயிலின் தலை அந்தச் சிக்னலில் நிற்க, வால் ஜங்ஷனுக்குள் கிடந்து நாலு பக்கத்தையும் அடைக்கும். வெளியேறும் பக்கத்தில் குறைந்தது ஒரு ரயில் நீளம் விட்டுத்தான் அடுத்த சிக்னல்.

பாதி ரயில்கள் காலியாகத் திரும்புவது மட்டும் தீராத தலைவலி. இரும்புத் தாதுவைக் கொண்டுபோன ரயிலில் எஃகைத் திருப்பி ஏற்றலாமே என்று தோன்றும். மூல வண்டித் தொகுப்பில் ஒவ்வொரு வேகனும் ஒரு சரக்குக்குத்தான். பாதித் தாது வேகன், பாதி எஃகு வேகன் என்று கோத்துப் பார்த்தேன். இரு திசையிலும் பாதி காலி. கணக்கு அதேதான்.

அந்தக் கிழட்டு ரயிலை டிப்போவுக்கு அனுப்பி விற்றேன். உடனே ஒன்றும் மாறவில்லை. அது ஓடிய வழி வலைப்பின்னலிலிருந்து காலாவதியாகக் கொஞ்ச காலம் பிடித்தது. ஒரு நாள் அந்த வழிக்கு எழுதப்பட்டிருந்த கரி முழுவதும் இந்தப் பக்கத்துக்கு மாற்றி எழுதப்பட, பிளாட்பாரத்தில் நின்ற ரயிலும் பின்னால் நின்ற நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பிக் கிளம்பின. ஐந்தும் சேர்ந்தாற்போல் மின் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே இருந்தவை இரண்டே பிளாட்பாரங்கள்.